வால் முளைத்த கைபேசி

என்னுடைய புதுக் கைபேசி வீட்டுக்கு வந்த அன்று, அதைப் பற்றி முதலில் எனக்குச் சொல்லப்பட்டது அதன் நிறம். மயில் கழுத்து நீலம் என்றாள் அக்கா. அப்படியில்லை, கடும் நீலம், வெயிலில் பிடித்தால்தான் மயில் கழுத்து என்றார் அத்தான். இரண்டு பேரும் அதை யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பிடித்துக் கால் மணி நேரம் வழக்காடினார்கள். போனுக்கு உரியவளான நான் கதிரையில் கையை நீட்டியபடி இருந்தேன். நான் பிறந்த நாளிலிருந்தே கண் தெரியாதவள்.

கண் தெரிந்தவர்களிடம் ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நிறம் சொல்வார்கள். இல்லாவிட்டால் நல்ல வடிவு என்பார்கள். கொஞ்சம் விபரம் தெரிந்தவர்கள் அங்குலக் கணக்குச் சொல்வார்கள். ஆறு தசம் ஏழு அங்குலமாம் என்று அத்தான் ஒருமுறை ஒரு போனைப் பற்றிக் கடையில் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்தத் தசம் ஏழை நான் எந்த விரலில் வைத்துப் பார்ப்பது என்று கேட்டேன். அன்று முழுக்க அவர் என்னோடு கதைக்கவில்லை.

கனடாவிலிருக்கும் தம்பி அனுப்பிய போன் அது. அதுவரை என் கைக்கு வந்தவை எல்லாம் அக்கா பாவித்துக் கழித்தவை. பெட்டியோடு, வேறொருவர் பாவிக்காமல், எனக்கென்றே வந்த முதல் போன் இதுதான். அக்காவின் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு என் அறைக்குள் போனேன். எனக்கு அவசர வேலை ஒன்று காத்திருந்தது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல ஊர்களிலும் இருக்கிற கண் தெரியாதவர்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம். எழுத்துக் கிடையாது, குரல் பதிவு மட்டும். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. யாருக்காவது புதுப் போன் கிடைத்தால் அதை மற்றவர்களுக்குக் கையால் சொல்ல வேண்டும். கையால் சொல்வது என்பது எங்கள் பேச்சு. நீளம், அகலம், பாரம், வழுக்குமா, விளிம்பு வெட்டுமா, பொத்தான் எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் தடவித் தடவிக் குரலில் பதிந்து அனுப்ப வேண்டும். கடைகளில் பெட்டியைப் பிரித்துத் தொட்டுப் பார்க்க விடமாட்டார்கள். பிரித்தால் வாங்கத்தான் வேண்டும். ஆகவே ஒருவருடைய விரலை நம்பித்தான் மற்றவர் போன் வாங்குகிறார்.

இந்தக் கையால் சொல்வதில் குழுவுக்குள் நான் ஒரு சண்டியன். சட்டங்கள் போட்டதும் நான்தான். நிறம் சொல்லக்கூடாது. இலக்கம் சொல்லக்கூடாது. எல்லார் கையும் பழகிய பொருளோடு மட்டும் ஒப்பிட வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் போன் ஒரு சாண் நீளம் என்றார். யாருடைய சாண், உங்களுடையதா உங்கள் மனிசியுடையதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். இன்னொருவர் சவர்க்காரக்கட்டி அளவு என்றார். பிரிக்காத கட்டியா, ஒரு கிழமை குளித்த கட்டியா என்று கேட்டேன். இப்படிப் பதினேழு பேரையும் பாடாய்ப் படுத்தியவள் என்பதால், என் முறை வந்தபோது எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

கட்டிலில் சப்பாணி கட்டி இருந்து பழைய போனில் பதியத் தொடங்கினேன். நீள அகலத்துக்கு மட்டும் என் சட்டத்தை நானே மீறி என் கையை வைத்தேன்: மணிக்கட்டு மடிப்பில் போனின் ஒரு முனையை வைத்தால் மறுமுனை நடுவிரல் நகத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். பெருவிரலை விட்டுவிட்டு மற்ற நாலு விரலையும் ஒட்டி வைத்தால் அதுதான் அகலம். கிறீம் கிறாக்கர் பிஸ்கற் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வரும் தடிப்பிலும் ஒரு மயிரிழை குறைவு. பாரம் ஒரு சின்ன மாம்பழம். முதுகின் மேல்மூலையில் தட்டைவடைத் துண்டு ஒட்டினது போல ஒரு மேடு, அதற்குள் சட்டைப் பொத்தான் அளவில் மூன்று வட்டம், அவைதான் கமரா. வலப்பக்க விளிம்பில் ஒரு பொத்தான், பெருவிரல் தானாகப் போய் விழும் இடத்தில். முகம் வழுவழுப்பு, ஆனால் விரல் சறுக்கி ஓடாது, ஒரு பிடி இருக்கிறது.

பிறகுதான் அந்த வாலுக்கு வந்தேன். கீழ் விளிம்பில், நடுவுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாக, சின்னவிரல் நகத்தளவில் மெல்லிய நாக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடக்கினால் மடங்கும், விட்டால் நிமிரும். இத்தனை போன் தடவிய என் விரல் அப்படியொன்றை அதற்குமுன் கண்டதில்லை. இப்படி ஒரு வால் இருக்கிறது, எதற்கென்று தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

குழு தேர்த் திருவிழா ஆனது. பலகாரத் தட்டையா போனையா சொல்கிறாய் என்று ஒருவர் பகிடி விட்டார். மற்ற எல்லாரும் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். அது வானொலிக்கான அன்ரனா என்றார் சாவகச்சேரிக்காரர். வடமராட்சிக் கரையிலிருந்து, கடல்தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி, அது கயிறு கட்டுகிற இடம் என்றாள். அவர்கள் வீட்டில் கட்ட இடமில்லாத சாமானைப் படகில் ஏற்றவே மாட்டார்களாம். கடைசியில் சாண் கணக்கு ஆசிரியர் நிதானமாக ஒரு பதிவு போட்டார். அந்த வால் எங்களுக்கானது என்றார் அவர். மேல் எது கீழ் எது என்று தடுமாறுகிறவர்களைப் பற்றி எங்கோ ஒரு கொம்பனி கடைசியில் யோசித்திருக்கிறது என்றார்.

அதைக் கேட்டதும் குழுவில் நன்றிப் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொய் சொல்லி என்ன, அன்று முழுக்க அந்த வாலை வருடிக்கொண்டே இருந்தேன். உலகத்தில் எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ என்னை நினைத்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

அடுத்த நாள் மத்தியானம் உடுவிலிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. குழுவில் ஓம், நன்றி என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத ஒருவர். முப்பது வருடம் மினிபஸ் ஓடியவர். சீனி வருத்தம் மூன்று வருடத்துக்கு முன் கண்ணைக் கொண்டுபோனது. அதோடு விடாமல் விரல் நுனிகளையும் மரக்கப் பண்ணிவிட்டது. அவருக்குப் பழைய பொத்தான் போன் ஒன்று இருந்தும், பொத்தான் எது இடைவெளி எது என்று விரலுக்குத் தெரியாது. குழுவின் பதிவுகளை மனைவிதான் தன் போனில் அவருக்குப் போட்டுக் காட்டுவார். அன்று என் இலக்கத்தை அழுத்திக் கொடுத்ததும் அந்த மனைவிதான். மனைவி கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர் கேட்டார்.

"தங்கச்சி, அந்த வால் உண்மையோ? எனக்கு விரலிலை ஒண்டும் தெரியிறேல்லை. வால் ஒண்டு இருந்தால் எப்பிடியும் பிடிச்சிடுவன்."

அவருடைய மகள் லண்டனில். திங்கட்கிழமை அங்கிருந்து வருகிற உறவினர் ஒருவரிடம் அப்பாவுக்கு ஒரு போன் கொடுத்துவிடப் போகிறாள். எந்தப் போன் என்று சனிக்கிழமைக்குள் அவர் சொல்ல வேண்டும். பிறகு கேட்காமலே அவர் காரணத்தையும் சொன்னார். மனைவிதான் மகளுக்கு அழைப்பு எடுப்பார், பக்கத்திலேயே இருப்பார், எல்லாம் கதைத்து முடித்துக் கடைசியில் அவரிடம் கொடுப்பார். சாப்பிட்டியளா, மருந்து போட்டியளா, ஓம், ஓம், அவ்வளவுதான்.

"மகளோடை தனியக் கதைச்சு மூண்டு வருஷம். நான் சுகமாய் இருக்கிறன் எண்டு இவதான் சொல்லுறா. ஒருக்கா நானே சொல்லவேணும்."

வால் உண்மைதான் அண்ணை என்று சொன்னேன். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதுவரை குழுவின் சொல்லை நம்பி வாங்கியவர்களுக்கு விரல் இருந்தது. பிழைத்தால் சொன்ன ஆளை நாலு பேச்சுப் பேசிவிட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். இவருக்கு இந்தப் போன் பிடிபடாவிட்டால் இன்னொன்று வராது. வந்தாலும் அவர் இன்னொருமுறை ஆசைப்பட மாட்டார்.

சனிக்கிழமை கந்தோர் இல்லை. நான் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகத் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிறவள், சனிதான் எனக்கு வசதி. காலையில் பஸ் எடுத்து மருதனார்மடச் சந்தியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோவில் உடுவிலுக்குப் போனேன். வெளியே காத்திருந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனவர் அந்த மினிபஸ் அண்ணையின் மனைவி. தேத்தண்ணி வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது. அவையெல்லாம் பிறகு என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் தடவினார். உள்ளங்கையில் போன் புரள்வதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். திருப்பினார், மறுபடி திருப்பினார். விரல்கள் கீழ் விளிம்பில் வாலுக்கு மேலாலேயே போய் வந்தன, அவை வாலில் பட்டு எழுப்பிய சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது, அவருக்கு விரலில் தெரியவில்லை. நான் அவர் விரலைக் கொண்டுபோய் வாலைக் காட்டவா என்று யோசித்தேன். காட்டினால் அது அவர் கண்டுபிடித்தது ஆகாது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அந்த ஐந்து நிமிடம் போல ஒரு நேரத்தை நான் என் எதிரிக்கும் விரும்பமாட்டேன்.

பிறகு போன் அவர் கையோடு மேலே போனது. சவரம் செய்யாத கன்னத்தில் ஏதோ உரசும் சத்தம். அவர் போனைக் கன்னத்தில் வைத்து மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்திலிருந்து, இப்போது எல்லாவற்றையும் இப்படித்தான் பார்ப்பார், மாம்பழம் பழுத்ததையும் கன்னத்தில் வைத்துத்தான் சொல்வார் என்றார். கன்னத்திலிருந்து மூக்குக்கு, மூக்கிலிருந்து உதட்டுக்கு. உதட்டில் நின்றது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"வால் இருக்கு," என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "தங்கச்சி, குறை நினையாதையுங்கோ. உது கண்ணாடியில்லை. கண்ணாடி எண்டால் கன்னத்திலை குளிரும். நான் பஸ்ஸுக்குப் புதுச் சீற்று அடிச்சிட்டுப் பொலித்தீனைக் கழட்டாமல் ஓடினனான். மத்தியானத்திலை அதிலை முகத்தை வைச்சு நித்திரை கொள்ளுறனான். உது அந்தத் தோல். நீங்கள் இன்னும் உறை கழட்டேல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது சுட்டது. அந்த வால், புதுப் போனின் முகத்தில் ஒட்டி வரும் மெல்லிய பொலித்தீனை உரித்து எறிவதற்காக விடப்பட்ட நுனி. கசங்காமல், சரசரக்காமல், விளிம்புக்கு விளிம்பு சரியாக வெட்டி ஒட்டிய பொலித்தீன். புதுப் போனை ஒருநாளும் பெட்டியிலிருந்து எடுத்திராத என் விரல் அதைத் தோல் என்றே நம்பிவிட்டது.

"நான் நீங்கள் வந்தவுடனை கண்டனான்," என்றார் அவர் மனைவி. "பழுதாக்காமல் வைச்சிருக்கிறா எண்டு நினைச்சன்."

அங்கேதான் யாழ்ப்பாணம் என்னைக் கவிழ்த்தது. இந்த ஊரில் புதுச் சாமானின் உறையைத் தானாகக் கழற்றுகிறவர் யார்? எங்கள் வீட்டு ரிமோட் ஒன்பது வருடமாகப் பொலித்தீன் பைக்குள், றப்பர் வளையம் போட்டுக்கொண்டு இருக்கிறது. அத்தானின் மோட்டார் சைக்கிள் சீற்றில் உறை தானாகக் கிழிந்து போகும்வரை ஒருவரும் கை வைக்கவில்லை. அக்கா கண்டாள், அத்தான் கண்டார், கந்தோரில் அத்தனை பேரும் கண்டார்கள். எல்லாரும் என்னைக் கவனமான பெண் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மயில் கழுத்தை மட்டும் கால் மணி நேரம் பார்த்தார்கள்.

வெட்கத்தைவிட வேறொன்றுதான் என்னைக் குத்தியது. எங்களை நினைத்து ஒரு கொம்பனியும் ஒரு வாலும் வைக்கவில்லை. குப்பையில் போடுகிற ஒரு துண்டை நாங்கள் பதினெட்டுப் பேரும் நன்றியோடு கொண்டாடியிருக்கிறோம். கோபம் மண்டைக்கு ஏறியது. எட்டிப் போனை வாங்கி, அந்த வாலைப் பிடித்து இழுக்கப் போனேன். அவருடைய கை வந்து என் கையை மூடியது. மரத்துப்போன கை, ஆனால் ஸ்ரியறிங் பிடித்த பலம்.

"கழட்டாதையுங்கோ. ஆருக்காக வைச்சாங்களோ, எனக்கு அது உதட்டிலை தெரியுது."

பிறகு அவர்தான் எனக்கு வகுப்பு எடுத்தார். வால் உதட்டில் பட்டால் அது வாய்ப் பக்கம். அப்படியென்றால் மறுபக்கம் காது. அப்படிப் பிடித்தால் நான் சொன்ன அந்தப் பொத்தான் பெருவிரலுக்குக் கீழே வரும். மற்ற விரல்கள் செத்துப்போனாலும் பெருவிரலில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது, அது முப்பது வருடம் ஹோன் அடித்த விரல். சொல்லிக்கொண்டே அழுத்தினார். போன் விழித்துப் பேசியது. திரும்ப அழுத்தினார், உறங்கியது. மருதனார்மடச் சந்தியில் மாடு குறுக்கே நின்றது போல நாலைந்து தரம் அழுத்தினார். போன் பாவம், விழித்து விழித்துப் படுத்தது. மனைவி சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, மகளைக் கூப்பிடு என்று செய்தி வாசிக்கிறவரைப் போல இழுத்துச் சொன்னால் போதும் என்று காட்டிக் கொடுத்தேன். பயற்றம் பணியாரம் அப்போதுதான் ருசித்தது.

அங்கிருந்தே லண்டனுக்கு எடுத்தோம். எடுத்தது மனைவிதான், அதுதான் கடைசித் தடவை என்று அவருக்குத் தெரியாது. பெட்டியைத் திற, என்னென்ன செய்யவேண்டுமோ செய், ஆனால் உறையில் கை வைக்காதே, வால் வேண்டும் என்று அப்பா மகளுக்குச் சொன்னார். அந்தப் பிள்ளை, அப்பாவுக்கு என்ன என்று தாயிடம் கேட்டாள். உறையை உரித்துவிட்டு நல்ல கண்ணாடி ஒட்டி அனுப்ப இருந்தாளாம். ஒரு மாதிரி விளங்கப்படுத்தினோம். விளங்கியதோ தெரியாது, ஓம் என்றாள்.

அன்று பின்னேரமே குழுவில் உண்மையைச் சொன்னேன். வால் உறையின் நுனி, பிழை என் விரலில், அதைப் பிடித்தவர் விரல் மரத்த மனிதர் என்று ஒளிக்காமல் பதிந்தேன். கடல்தொழில் வீட்டுப் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்து அனுப்பினாள். மூன்றாம் நாள் ஆசிரியரிடமிருந்து ஒரு பதிவு வந்தது. இனி யாரும் போனைக் கையால் சொல்வதற்கு முன், அது உரித்த போனா உரிக்காத போனா என்று முதலில் சொல்ல வேண்டும். சண்டியன் போட்ட சட்டங்களோடு அதுவும் சேர்ந்தது, நான்தான் முதலில் ஓம் என்று பதிந்தேன்.

திங்கட்கிழமை போன் வந்துவிட்டது என்று மினிபஸ் அண்ணையின் மனைவி அறிவித்து, அதில் போட்ட இலக்கத்தையும் தந்தார். செவ்வாய் கந்தோர் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அண்ணையின் புது இலக்கத்துக்கு எடுத்தேன். நீங்கள் அழைத்த இலக்கம் வேறொரு அழைப்பில் இருக்கிறது என்றது. பத்தொன்பது வருடமாக ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டு நான் சபித்த குரல் அது. தேத்தண்ணி குடித்துவிட்டு எடுத்தேன், அதே குரல். முகம் கழுவி விளக்கு வைத்துவிட்டு எடுத்தேன், அதே குரல். வால் பிய்ந்துவிட்டதோ, போன் எங்காவது விழுந்து கிடக்கிறதோ என்று நினைத்து, மனைவியின் போனுக்கு எடுத்தேன். அவருடைய குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

"அறைக் கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறார் தங்கச்சி. முக்கால் மணித்தியாலமாச்சு. அப்பனும் மகளும் என்ன கதைக்கினம் எண்டு எனக்கு ஒண்டும் தெரியாது. கூப்பிடட்டோ?"

வேண்டாம், எனக்கு அவசரமில்லை என்று சொன்னேன். வைத்துவிட்டு, நான் சபித்த அந்தக் குரலைக் கேட்பதற்காகவே அண்ணையின் இலக்கத்துக்கு இன்னுமொருமுறை எடுத்தேன்.